பிள்ளையைப் பேராலயப் பாடகர் குழுவில் சேர்ப்பதா வேண்டாமா? பயிற்சி அறையிலிருந்து ஒரு வழிகாட்டி

ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து வாசலுக்கு வரும்போது யாராவது ஒரு அக்கா பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா பாடுறாளே, கொயர்ல சேத்து விடுங்களேன்" என்பார். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆரம்பித்தது. மூன்று மாதத்தில் பெரியவளை நானே வெளியே கூட்டி வந்தேன். இரண்டு வருஷம் கழித்து அவளாகக் கேட்டு மறுபடி சேர்ந்தாள், இன்றைக்கும் பாடுகிறாள். சின்னவன் ஒரு வருஷம் பாடிவிட்டு, பீடத்தில் குருவுக்கு உதவும் பீடச்சிறுவனாகப் போய்விட்டான். நானே பாவாடை கட்டிய வயதிலிருந்து கொயரில் நின்றவள்தான். அப்படியிருந்தும் முதல் தடவை தப்பாக முடிவெடுத்தேன். திருப்பலியைப் பார்த்து மயங்கிச் சேர்த்தேன். நான் பார்த்திருக்க வேண்டியது பயிற்சியை.

காவிரிக் கரையில் கத்தோலிக்கப் பேராலயங்கள் மூன்று: திருச்சி மேலப்புதூர் தூய மரியன்னை, தஞ்சாவூர் திருஇருதயம், கும்பகோணம் அலங்கார அன்னை. வேளாங்கண்ணியையும் பூண்டியையும் நாம் பேராலயம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் அவை பசிலிக்கா, அதாவது திருத்தந்தை சிறப்புப் பட்டம் கொடுத்த கோயில்கள். மறைமாவட்டத்தின் தலைவரான ஆயரின் இருக்கை அங்கே இல்லை. பிள்ளையின் நேரம் எங்கே போகும் என்று கணக்குப் போடும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும். கும்பகோணம் மறைமாவட்டம் 1899-இலும் தஞ்சாவூர் 1952-இலும் உருவானவை. லுத்தரன், சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள் இதைப் படித்தால், திருப்பலி என்று வரும் இடத்தில் ஆராதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

இணையத்தில் 'கதீட்ரல் கொயர்' என்று தேடினால் இங்கிலாந்துக் கதைதான் வரும். எட்டு வயதில் குரல் தேர்வு, பேராலயத்தோடு ஒட்டிய பள்ளி, சில இடங்களில் விடுதி, தினமும் மாலை ஆராதனை, கட்டணத்தில் சலுகை, பதின்மூன்று வயதில் விடை. நம்மிடம் அது எதுவும் கிடையாது. பிள்ளை வீட்டில்தான் இருக்கும், வேறு பள்ளியில்தான் படிக்கும், கட்டணமும் இல்லை, சம்பளமும் இல்லை. அங்கே பள்ளி சுமக்கும் பாரத்தை இங்கே நீங்கள் சுமக்கப் போகிறீர்கள். ஆகவே அந்தக் கட்டுரைகளை மூடி வைத்துவிட்டு நம் ஊர்க் கேள்விகளுக்கு வாருங்கள்.

படி 1: ஆசை யாருடையது?

இதற்கு ஒரு நாள் போதும். பிள்ளையிடம் "கொயர்ல சேரியா?" என்று கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் அம்மா முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். "கொயர்ல யாரைப் பிடிக்கும்? எங்க நிக்கணும்னு இருக்கு?" என்று கேளுங்கள். "மைக் பக்கத்துல" என்றால் ஒரு ஆசை. "ஜெனிஃபர் பக்கத்துல" என்றால் இன்னொரு ஆசை. "எனக்கு அந்த ரெண்டாவது பாட்டு தெரியும்" என்று பாடிக் காட்டினால் அது மூன்றாவது. மூன்றுமே சேர்ப்பதற்குப் போதுமான காரணம்தான். "நீதானே சொன்ன" என்ற பதில் மட்டும் போதாது.

உங்கள் ஆசையையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். நான் பாடிய இடத்தில் என் மகள் நிற்க வேண்டும் என்பது என் ஆசையாக இருந்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது. பாட்டு நோட்டைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது.

படி 2: இரண்டு பயிற்சிகளைப் போய்க் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பங்குத்தந்தையிடமோ பாட்டு மாஸ்டரிடமோ சொல்லிவிட்டு, பயிற்சி நடக்கும் நேரத்தில் கடைசிப் பெஞ்சில் உட்காருங்கள். பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம் இருக்கும். முதல் நாள் உங்களைப் பார்த்து எல்லோரும் ஒழுங்காக இருப்பார்கள். அதனால்தான் இரண்டு நாள் என்கிறேன்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஆறு மணி என்று சொன்னது எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது? கீபோர்டு தம்பி வரும்வரை பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? எங்களுக்கு முதல் தடவை வாய்த்த குழுவில் ஆறு என்பது ஆறே முக்கால், எட்டு என்பது ஒன்பது. இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகள் வாய் திறந்து பாடியது அரை மணி இருக்கலாம். மிச்ச நேரம் பெரியவர்கள் எந்தப் பாட்டு என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து, தப்பு வரும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். நல்ல மாஸ்டர் தவறிய வரியை மட்டும் எடுத்து, கீபோர்டை நிறுத்திவிட்டு, தானே ஒரு தரம் பாடிக்காட்டி, பிள்ளைகளை மெதுவாகப் பாடச் சொல்வார். யார் தப்பு செய்தது என்று தேடமாட்டார். என் பெரியவளைக் கூட்டி வந்ததற்குக் காரணம் இதுதான். மைக் ஆன் ஆகியிருக்கும்போதே, "அந்தக் கடைசியில நிக்கிற பாப்பா, நீ வாயை மட்டும் அசை" என்றார் ஒருவர். கோயில் முழுக்கக் கேட்டது. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் வாயை மட்டும்தாம்மா அசைச்சேன்" என்றாள். அது எந்தக் கோயில் என்று சொல்லப் போவதில்லை. சொன்னவரும் கெட்டவர் இல்லை, அவருக்குப் பிள்ளைகளோடு பழக்கம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரு தரம் பயிற்சியைப் போய்க் கேட்டிருந்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

மூன்றாவது, பெரியவர்களுக்கும் சின்னவர்களுக்கும் ஒரே பயிற்சியா என்று பாருங்கள். பிள்ளைகளை முதல் முக்கால் மணியில் பாடவைத்து அனுப்பிவிட்டு, பிறகு பெரியவர்களோடு உட்காரும் குழு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம்.

நான்காவதை யாரும் வெளியே பேசமாட்டார்கள்: சோலோ யாருக்குப் போகிறது? வாசகத்துக்குப் பிறகு ஒருவர் பாட, மற்றவர்கள் பதில் பாடும் பதிலுரைப் பாடலின் அடிகளை வருஷம் முழுக்க ஒரே வீட்டுப் பிள்ளை பாடினால், அந்தக் குழுவில் பாட்டைவிடச் சொந்தம் பெரிது. அதற்காகச் சேர்க்கக் கூடாது என்றில்லை. பிள்ளையிடம் முன்கூட்டியே, "உனக்கு மைக் வர நாளாகும், கூட்டத்தோட பாடுறதுதான் கொயர்" என்று சொல்லி வைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டதால் பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். பிள்ளைகள் மட்டும் இன்னும் சிநேகிதமாக இருக்கிறார்கள்.

படி 3: வயதும் குரலும்

குரல் நன்றாக இருக்கிறதா என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதை மூன்றாவதாக வைத்திருக்கிறேன். சுருதியோடு ஒட்டிப் பாடுவது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பழக்கத்தில் வந்துவிடும். வீட்டிலேயே பார்க்கலாம். கைபேசியில் தம்பூரா ஒலியை ஓடவிட்டு, தெரிந்த பாட்டை இரண்டு வரி பாடச் சொல்லுங்கள். நடுவில் நிறுத்தி, "தண்ணி குடிச்சிட்டு வா" என்று அனுப்புங்கள். திரும்பி வந்து அதே இடத்தைப் பிடித்தால் காது தயார். பிடிக்காவிட்டால் ஒரு மாதம் தினமும் ஐந்து நிமிஷம் இதையே விளையாட்டாகச் செய்யுங்கள்.

காதுக்கு இணையாக வேண்டியது வாசிப்பு. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் பலர் நான்காம் வகுப்பிலும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். பாட்டு அதுவரை காத்திருக்காது. பாட்டு வரிகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் பிள்ளைகளை எல்லாக் குழுவிலும் பார்க்கலாம். அதில் 'ழ' இருக்காது, 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும். எட்டு வயதுக்கு மேல், தமிழ் வரியைத் தடுக்காமல் வாசிக்க வந்த பிறகு சேர்ப்பதுதான் என் கட்சி. முதல் நற்கருணை வாங்கும் பருவமும் ஏறக்குறைய அதுதான். அதற்கு முன்பு ஆசைப்பட்டால் மறைக்கல்வி வகுப்பிலும், அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்திலும் பாடட்டும்.

இனி சுருதி, அதாவது பாட்டை எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பது. அதைக் கட்டை என்று எண்ணுவார்கள். ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவது வழக்கம். பழகாத எட்டு, ஒன்பது வயதுக் குரல் சுகமாக ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரைதான். மாஸ்டர் தன் குரலுக்குப் பாட்டை வைத்தால் மேலே போகும் இடத்தில் பிள்ளைகள் கத்துவார்கள். அக்காமார் குரலுக்கு வைத்தால் கீழே போகும் இடத்தில் சத்தமே வராது. உங்கள் காதைவிடக் கண் இதைச் சீக்கிரம் பிடிக்கும். உச்சத்தில் தாடை மேலே தூக்கி, கழுத்து நரம்பு புடைத்தால் சுருதி அந்தப் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டினால் அரைக் கட்டை, ஒரு கட்டை இறங்கிவிடும். ஒரு நொடி வேலை. "மாஸ்டர், பிள்ளைகளுக்கு ஒரு கட்டை இறக்கிப் பாப்போமா?" என்று கேளுங்கள். கேட்டதும் இறக்கிப் பார்ப்பவரிடம் பிள்ளையை நம்பி விடலாம்.

கத்திப் பாடுவதால் குரல்நாணில் சின்ன முடிச்சுகள் வரும். பையன்களுக்கு இது அதிகம். விளையாட்டு மைதானக் கூச்சலும் சேர்ந்துகொள்கிறது. சளி இல்லாமலே தொண்டை கரகரப்பு இரண்டு, மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் குரல் ஓய்விலும் பயிற்சியிலுமே சரியாகிவிடும். மிளகுப் பாலும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதம், ஆனால் முடிச்சைக் கரைக்காது.

பையன்களுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குள் குரல் உடையும். குரல்வளை வளர்ந்து, நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். நடுவில் சில மாதம் எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. அந்த நேரத்தில் குழு அவனை என்ன செய்கிறது என்று சேர்க்கும்போதே கேட்டு வையுங்கள். தபேலாவிலோ கீபோர்டிலோ உட்காரவைத்து, தாழ்ந்த குரலில் கொஞ்சமாகப் பாடவிட்டு, குரல் நிலைத்ததும் ஆண்கள் வரிசைக்கு மாற்றும் குழு நல்ல குழு. "நீ கொஞ்ச நாள் வராதே" என்று சொன்னால் பையன் திரும்பி வருவதே இல்லை. பெண் பிள்ளைகளுக்கும் அந்த வயதில் குரல் கொஞ்சம் இறங்கும், காற்றுக் கலந்து வரும். அது வெளியே தெரியாததால், மூச்சு சரியில்லை என்று திட்டு மட்டும் விழும்.

1903-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், பெண்கள் பாடகர் குழுவில் இருக்கக் கூடாது, உயர்ந்த குரல் வேண்டுமென்றால் சிறுவர்களைப் பாடவையுங்கள் என்று எழுதினார். இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயம் சிறுமிகளுக்கென்று தனிக் குழு தொடங்கியது 1991-இல்தான். இன்றைக்கு நம் ஊர்க் குழுக்களைப் பாருங்கள், பத்துக்கு எட்டு பெண் பிள்ளைகள்தான். பையனைச் சேர்ப்பதானால், அவன் வயதில் இன்னொரு பையனாவது அங்கே இருக்கிறானா என்று பாருங்கள். என் சின்னவன் விலகியதற்கு வேறு காரணமே கிடையாது.

படி 4: காலண்டரை எடுத்து வைத்துக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில்தான் வீட்டில் சண்டை வரும். சேர்ந்த பிறகு வருவதைவிட இப்போதே வந்துவிடட்டும்.

ஞாயிறு ஒரு திருப்பலி, சனிக்கிழமை ஒரு பயிற்சி என்று சொல்லித்தான் சேர்ப்பார்கள். பேராலயத்துக்கு அது பாதிக் கணக்கு. ஆயரின் இருக்கை இருப்பதால் மறைமாவட்டத்தின் பெரிய சடங்குகள் அங்கேதான் வரும். புனித வாரத்தில் ஆயர் குருக்களோடு சேர்ந்து எண்ணெய் மந்திரிக்கும் திருப்பலி, குருப்பட்டம், ஆயரின் நாமவிழா என்று சாதாரணப் பங்கில் இல்லாத நாட்கள் சேரும். அவற்றில் பல வேலை நாளில் வரும். பள்ளிக்கு லீவு லெட்டர் எழுதுவது யார்?

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப் பாதை; பதினான்கு நிலைகளுக்கும் நடுவில் பாட்டு. இந்தக் காலத்தில் 'உன்னதங்களிலே' என்ற வானவர் கீதமும் அல்லேலூயாவும் கிடையாது என்பதால் பாட்டு நோட்டின் வேறு பக்கங்களைப் புதிதாகப் பழக வேண்டும். பெரிய வியாழன் மாலை 'உன்னதங்களிலே' பாடும்போது மணிகள் ஒலிக்கும், பிறகு ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவு வரை ஊமையாகிவிடும். அந்த இரண்டு நாளும் பாட்டுக்குக் குரலே துணை. பக்கவாத்தியம் இல்லாமல் ஒரு பிள்ளை தன் குரலைத் தானே கேட்பது அப்போதுதான். என் மகளுக்குக் கொயர் பிடித்துப்போனது ஒரு பெரிய வெள்ளி மதியம்தான், கிறிஸ்துமஸில் இல்லை. பாஸ்கா திருவிழிப்புக்கு முழுமையாக ஒன்பது வாசகம். பல கோயில்களில் குறைத்துக்கொள்வார்கள், இருந்தாலும் நற்செய்தி தவிர ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு பதிலுரைப் பாடல் உண்டு. இரவு தொடங்கி முடியும்போது பிள்ளை தூங்கி விழும்.

இதே பருவத்தில்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அந்த வருஷங்களில் என்ன செய்வது என்று மாஸ்டரோடு இப்போதே பேசிவிடுங்கள். பொங்கலோடு நிறுத்திக்கொண்டு, தேர்வு முடிந்து திரும்பி வரலாம் என்பதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம். ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் அவளே வந்து, "சிலுவைப் பாதைக்கு மட்டும் போய்ட்டு வந்துடறேம்மா" என்று கெஞ்சினாள். அனுப்பினேன். வீட்டுக்காரர் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

ஆகஸ்ட் 29-இலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. டெல்டா முழுக்க நடைப்பயணக் கூட்டம், பேருந்துகளில் கால் வைக்க முடியாது. பல குழுக்கள் அங்கே ஒரு நாள் பாடப் போகும். பிள்ளையை அனுப்புவதானால் உடன் வரும் பெரியவர் யார், இரவு எங்கே தங்கல் என்று கேட்காமல் அனுப்பாதீர்கள். காலாண்டுத் தேர்வும் அதை ஒட்டித்தான் வரும்.

டிசம்பர்தான் பெரிய மாதம். கேரல் பவனி தெருத் தெருவாக, அன்பியம் அன்பியமாக இரவு பத்து, பதினொன்று வரை போகும். அரையாண்டுத் தேர்வும் அதே வாரங்களில். வடகிழக்குப் பருவமழை வேறு. நம் பக்கம் டிசம்பர் மழை எப்படி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த தலையோடு ஈரப் பாவாடையோடு நள்ளிரவுத் திருப்பலிக்கு ஒத்திகை. கேரலுக்கு வாரத்தில் இரண்டு இரவு மட்டும், ஒன்பதரைக்கு வீடு என்று நாங்கள் வரம்பு வைத்தோம். முதலில் முகம் சுளித்தார்கள். அடுத்த வருஷம் நான்கு வீட்டில் அதே வரம்பு.

செலவு பெரிதில்லை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ஒரே கலரில் ட்ரெஸ் எடுக்கச் சொல்வார்கள், சுற்றுலாவுக்குக் கொஞ்சம் கேட்பார்கள். ட்ரெஸ் எடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையைக் குழு எப்படி நடத்துகிறது என்று மட்டும் பாருங்கள்.

படி 5: யார் கொண்டுபோய் விடுவது, யார் கூட்டி வருவது

நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. திருவையாற்றிலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ வருகிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. சனிக்கிழமை இரவு எட்டரைக்குப் பயிற்சி முடிந்தால் உங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு? அப்பாவுக்கு ஷிப்ட் என்றால்? அறுவடை நேரம் என்றால்? ஒரே திசையில் போகும் மூன்று வீடுகள் சேர்ந்து முறை வைத்துக்கொள்வதுதான் நான் கண்ட ஒரே வழி. அப்படி அமையாவிட்டால் பேராலயத்தை விட்டுவிட்டு உங்கள் ஊர்ச் சின்னக் கோயிலான கிளைப்பங்கிலேயே பாடவிடுங்கள். எட்டுப் பிள்ளைகளும் ஒரு ஆர்மோனியமும் இருக்கிற சின்னக் கோயிலில் ஒரு குரலுக்குக் கிடைக்கும் இடம் பெரிய கோயிலில் கிடைக்காது.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கோயிலாயிற்றே என்று விட்டுவிடுகிற இடம் இது. பயிற்சியில் எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருக்கிறார்களா, அதில் ஒருவர் பெண்ணா? தனிப்பட்ட பயிற்சி என்று ஒரு பிள்ளையை மட்டும் அழைக்கும் வழக்கம் உண்டா? கதவு திறந்திருக்குமா? மாஸ்டர் பிள்ளைகளின் கைபேசிக்கு நேராகச் செய்தி அனுப்புகிறாரா, பெற்றோர் குழுவில் போடுகிறாரா? சொல்லாமல் வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்கு யார் போன் செய்வார்? இதையெல்லாம் பங்குத்தந்தையிடமே கேட்கலாம். கேட்டதற்குக் கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் கோயில் வளாகத்துக்கும் பொருந்தும். குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

இன்னொரு சின்ன விஷயம், வயிறு. காலை ஆறு மணித் திருப்பலிக்குப் பாட்டிமார்கள் பச்சைத் தண்ணி கொடுக்க விடமாட்டார்கள். அவர்கள் காலத்தில் நள்ளிரவிலிருந்து உபவாசம். 1964-இலிருந்து நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். தண்ணீருக்குத் தடையே இல்லை. ஞாயிறு பாட்டுத் திருப்பலியில் நற்கருணை வர முக்கால் மணிக்கு மேலாகும். ஆகவே கிளம்பும்போது ஒரு வாழைப்பழமும் அரை டம்ளர் பாலும் தாராளமாகக் கொடுக்கலாம். கொயரில் மயங்கி விழும் பிள்ளைகளில் பல பேருக்கு நோயே இல்லை, பசிதான்.

படி 6: பாட்டு கிளாஸை என்ன செய்வது?

தஞ்சாவூர்ப் பக்கம் பிள்ளை ஏற்கெனவே கர்நாடக சங்கீதமோ வயலினோ கற்றுக்கொண்டிருக்கும். "கொயர்ல போனா குரல் கெட்டுடும்" என்பார் டீச்சர். "சங்கீதம் பாடுற பிள்ளை கமகம் போட்டுக் குழப்புது" என்பார் மாஸ்டர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கூட்டமாகப் பாடும்போது ஒருவர் மட்டும் சுரத்தை அசைத்தால் உறுத்தும். நாற்குரலில் ஆல்டோ, டெனர் என்று பிரித்துப் பாடினால் இன்னும் உறுத்தும். ஆனால் இரண்டும் ஒத்துப்போகாது என்று சொன்னால் இந்த ஊர் வரலாறே சிரிக்கும்.

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவில் 1779-இல் எழுந்த கோயில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயருடையது. அவரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சாவூரில் இருந்துகொண்டு பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கீர்த்தனைகளாகவும் குறவஞ்சியாகவும் கிறிஸ்தவப் பாட்டு எழுதினார். இன்றைக்கும் சபைகளில் அவற்றைப் பாடுகிறார்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை (1826–1889) எல்லாச் சமயத்தாரும் பாடலாம் என்று சர்வ சமய சமரசக் கீர்த்தனை எழுதினார். சித்த மருத்துவரும் இசை ஆராய்ச்சியாளருமான ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் 1912-இலிருந்து சங்கீத மாநாடுகள் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். சுருதிக் கணக்கில் அப்படியொரு தமிழ்ப் புத்தகம் அதற்கு முன்பு இல்லை. கத்தோலிக்கத் திருப்பலி தமிழுக்கு வந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963-ஆம் வருஷ வழிபாட்டு ஏட்டுக்குப் பிறகுதான். அதற்கு முன்பு என் பாட்டி லத்தீனில் பாடியது, பொருள் தெரியாமல், எழுத்துப் பிசகாமல்.

ஆகவே இரண்டையும் விடாதீர்கள். பாட்டு டீச்சரிடம் பாடத்துக்கு முந்தின நாள் கொயர் பயிற்சி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: கிளாஸில் உன் குரல் கேட்க வேண்டும், கொயரில் பக்கத்துக் குரல் கேட்க வேண்டும்.

கொயரில் சேர்த்தால் இசை தானாக வந்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலான குழுக்களில் பாட்டு காதில் விழுந்து, வாயில் வருகிறது, அவ்வளவுதான். சில இடங்களில் சொல்ஃபா (டோ, ரே, மி என்று சுரம் வாசிப்பது) கற்றுக்கொடுப்பார்கள், அது வரம். பிள்ளைக்கு உண்மையில் இசை வேண்டும் என்றால் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. கொயர் தருவது வேறு. ஐம்பது வயது மாமாவும் ஒன்பது வயதுப் பிள்ளையும் ஒரே வரியில் ஒரே நேரத்தில் மூச்சு எடுக்கும் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

கான்வென்ட் சிநேகிதியைப் பார்த்து இந்து வீட்டுப் பிள்ளை ஒன்று தானும் வருகிறேன் என்று கேட்பதும் உண்டு. மாஸ்டர் சரி என்றாலும், அந்த அம்மா அப்பாவிடம் நேரில் போய், "இது கச்சேரி இல்ல, வழிபாடு, நற்கருணை நேரத்துல அவ உக்காந்திருப்பா, சரிங்களா?" என்று ஒளிவில்லாமல் பேசிவிடுங்கள். எங்கள் தெருவில் அப்படி ஒருத்தி மூன்று வருஷம் பாடினாள். அவள் அம்மாதான் எல்லோருக்கும் சுண்டல் கட்டிக் கொடுப்பார்.

படி 7: மூன்று மாதம் தவணை

எல்லாம் சரியென்றால் சேருங்கள், ஆனால் "மூணு மாசம் பாக்கிறோம் மாஸ்டர்" என்று சொல்லிச் சேருங்கள். ஜூன் மாதம் நல்லது: பள்ளி புதிதாகத் திறந்திருக்கும், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் மாதிரிப் பெரிய திருவிழா எதுவும் தலைக்கு மேல் நிற்காது. நவம்பரில் சேர்த்தால் நேராகக் கேரலில் தள்ளிவிடுவார்கள், பிள்ளைக்கு ஒரு பாட்டும் முழுசாகத் தெரியாது.

மூன்று மாதத்தில் மதிப்பெண் போட வேண்டாம், இரண்டைக் கவனியுங்கள். சனிக்கிழமை நான்கு மணிக்கு நீங்கள் சொல்லாமலே நோட்டைத் தேடுகிறதா? குளிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, இந்த வாரப் பாட்டு வாயில் வருகிறதா? இரண்டும் இருந்தால் மற்றதைச் சமாளிக்கலாம். சனிக்கிழமைதோறும் வயிற்று வலி வந்தால் முதலில் காரணத்தைக் கேளுங்கள். யாராவது திட்டினார்களா, தொட்டார்களா, கேலி செய்தார்களா என்று கேளுங்கள். அதெல்லாம் இல்லை, சும்மா பிடிக்கவில்லை என்றால், அதுவும் போதுமான காரணம்தான்.

விலகும்போது சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அடுத்த ஞாயிறு எல்லோரும் பிள்ளையைத்தான் கேட்பார்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பயிற்சிக்கு அரை மணி முன்பே போய், "மாஸ்டர், இந்த வருஷம் இவன் பீடத்துக்குப் போறேங்கிறான்" என்று நேரில் சொல்லுங்கள். என் சின்னவன் விஷயத்தில் மாஸ்டர் சிரித்துவிட்டு, "அங்க நின்னும் பாடலாம்டா, மைக்தான் கிடைக்காது" என்றார். பாட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே பிள்ளை தன் கையால் எழுதிச் சேர்த்த பாட்டுகள் இருந்தால், கொடுப்பதற்கு முன்பு கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.